கால்வாய்க்கரைக் கீரை

ஜூலை 31, வியாழன்

காலையிலிருந்தே புழுக்கம். மேகம் மூடி, ஏமாற்றிவிட்டுப் போய்விட்டது.

இன்றைய வேலை: கால்வாய்க்கரைக்கு மருந்து. கேழ்வரகு மில்லில் கொடுக்க. மஞ்சள் ஜாக்கெட் கை பிரித்துத் தைக்க (தடித்துவிட்டேன், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்).

மருந்து முடிந்தது. ரவி முதுகில் ஸ்பிரேயரைக் கட்டிக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டான். ஊரில் பாதி வார்டுக்கு அவன்தான். முன்பெல்லாம் ஆள் விட்டு மண்வெட்டியால் செதுக்குவார்கள். இப்போது களைக்கொல்லி. ஒரு காலைப் பொழுதில் ஒரு தெரு முடிந்துவிடுகிறது.

எங்கள் தெருவில் பாவு நீட்டுகிறவர்கள் இரண்டு மாதமாக என் உயிரை எடுத்துவிட்டார்கள். விடியும்போது கரையோரம் பட்டு இழைகளை நீளத்துக்கு இழுத்துக் கட்டினால் நாயுருவி முள் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒரு முள்ளை எடுக்கப் போனால் நாலு இழை அறுகிறது. "ஓட்டு கேக்க மட்டும் வந்தீங்களே" என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். அதற்கு மேல் எப்படிச் சும்மா இருப்பது?

பெண்கள் எல்லாம் வாசலில் நின்று வேடிக்கை. எதிர்வீட்டுக் கன்னியம்மா அக்காதான் கேட்டாள்.

"இன்னா மருந்துங்க கவுன்சிலரம்மா? கொசுவுக்கா?"

போன மாதம் முழுக்கக் கொசு, கொசு என்று என்னை வழிமறித்த அதே பெண்கள். இரண்டு வீட்டில் காய்ச்சல் வேறு. புகை மெஷினுக்குச் சொல்லி வைத்தேன், இன்னும் வந்தபாடில்லை.

தலையை ஆட்டினேன். அவ்வளவுதான்.

"அப்ப எங்க வாசலாண்ட ரெண்டு வாட்டி சேத்து அடிக்கச் சொல்லுங்க. பேத்தி காலைப் பாருங்க, தடிச்சி தடிச்சி கீது."

ரவி என்னைப் பார்த்தான். நான் கேழ்வரகுப் பையின் முடிச்சைச் சரிசெய்தேன். அவள் வாசலிலும் இரண்டு தடவை அடித்துவிட்டுப் போனான்.


ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆடி வெள்ளி. கூட்டம். கோயிலில் எலுமிச்சை விளக்கு போட்டுவிட்டு வந்தேன்.

நேற்று இவர் எடுத்த போட்டோவைத் தெரு குரூப்பில் போட்டேன். நான் கையை நீட்டிக் கரையைக் காட்டுகிறேன், ரவி அடிக்கிறான். கீழே 'கொசு ஒழிப்புப் பணியில் உங்கள் கவுன்சிலர்'. இவர் படித்துவிட்டு, "கொசுவா?" என்றார். "பேச்சுக்குத்தானே" என்றேன். ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பிவிட்டார். கும்பிடு கும்பிடாக வந்து விழுகிறது குரூப்பில். நேற்றிலிருந்து கொசுவே இல்லை என்று ஒரு அம்மா எழுதியிருக்கிறாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஜாக்கெட் கை பிரித்தாயிற்று. இன்னும் பிடிக்கிறது.


ஆகஸ்ட் 2, சனி

தெள்ளாரிலிருந்து அண்ணன் போன். நாளைக்குக் கூழுக்கு வரமுடியாதாம், நெல்லுக்குக் களை. பேச்சுவாக்கில் கரைக்கு அடித்ததைச் சொன்னேன்.

"ஆடு மாட்டை உடாதிங்க அந்தப் பக்கம். நாங்க வரப்புல அடிச்சா பத்து நாளு ஓட்ட மாட்டோம். பச்சையாத்தான் இருக்கும், பாத்தா தெரியாது. மெதுவாத்தான் காயும்."

ஆடு மேய்க்கும் பெரியவரைத் தேடிப்போய், கரையில் பாம்பு இருக்கிறது, ஓட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். கெட்டிக்காரி. எல்லாம் யோசித்தாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

நாளைக்கு: வேப்பிலை, பெரிய கரண்டி மாமி வீட்டில், வெங்காயம் உரிக்க ஆள்.


ஆகஸ்ட் 3, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

வெயில் நல்ல வெயில். அம்மன் கோயில் வாசலில் அண்டா அண்டாவாகக் கூழ். பம்பைக்காரர்கள் வந்துவிட்டார்கள். படையலுக்கு இலை போட்டுக் கூழ், கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை எல்லாம் வைத்தாயிற்று. கடைசியில் கன்னியம்மா அக்கா ஒரு பெரிய தவலையைத் தலையில் சுமந்துகொண்டு வந்தாள். கலவைக் கீரைக் கடைசல். எங்கள் தெருக் கூழுக்கு அது இல்லாமல் ஆகாது. பண்ணை, மூக்கிரட்டை, குப்பைக்கீரை என்று தானாக முளைத்ததைத்தான் பறிக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய கீரை அம்மனுக்கு ஆகாது. வருஷா வருஷம் பறித்துக் கடைவது கன்னியம்மா அக்காதான். மற்ற நாளில் பாவு பிணைக்கிற வேலை. முடிகிற பாவின் இழையோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாக முறுக்கி ஒட்டுகிற கை அது. கீரையில் ஒரு காம்பு இருக்காது.

"எங்கக்கா பறிச்சீங்க?" என்று கேட்டேன்.

"எப்பவும் போல கரையிலதான். இந்த வாட்டி செம தளதளன்னு கீது. ஆத்தா புண்ணியம்."

வியாழன் அடித்தது. ஞாயிறு பறித்திருக்கிறாள். பார்த்தால் தெரியாது என்று அண்ணன் சொன்னானே. ஆட்டை யோசித்தேன், மனுஷரை யோசிக்கவில்லை.

"கீரை வேணாங்க்கா, நான் வேற எதுனா ஏற்பாடு பண்றேன்" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "இன்னாக்கா பேசறீங்க, கீரை இல்லாத கூழா?" ஒருத்தி அதற்குள் குழந்தைக்குக் கிண்ணத்தை நீட்டிவிட்டாள். "சாமிக்கு வெக்காம எப்படி, இரு" என்று கன்னியம்மா அக்கா தடுத்தாள். படையல் முடிந்தால் அடுத்த நிமிஷம் எல்லார் சொம்பிலும் விழுந்துவிடும்.

சொல்லியிருக்கலாம். 'அது கொசு மருந்து இல்லை, களை மருந்து' என்று நாலு சொல். வாய் வரைக்கும் வந்தது. குரூப்பில் இருக்கும் போட்டோ கண் முன்னால் வந்தது. கும்பிட்டவர்கள் அத்தனை பேரும் எதிரில் நிற்கிறார்கள்.

பம்பை ஏறியது. உடுக்கை. ஓரத்தில் ஒரு பெண் ஏற்கனவே சாமி வந்து ஆடிக்கொண்டிருந்தாள்.

நானும் ஆடினேன்.

கொண்டையை நானே அவிழ்த்துவிட்டேன். மஞ்சள் ஜாக்கெட் தையல் விட்டுவிடுமோ என்ற பயம் கூட இருந்தது. அந்த அளவுக்கு நிதானமாகத்தான் ஆடினேன். "கீரை எனக்கு ஆகாதுடா! கொட்டு! கொட்டுடா!" என்று கத்தினேன். என் குரலா அது என்று இருந்தது. பம்பை நிற்கவில்லை. பூசாரி கற்பூரத்தைக் கொளுத்தி, "ஆத்தாவா, காத்து கருப்பா, சொல்லு!" என்று நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினேன். வைத்தார். துப்பினால் பொய் என்று ஆகிவிடும். விழுங்கினேன்.

கொட்டிவிட்டார்கள். கோயிலுக்குப் பின்னால் குழி தோண்டித் தவலையோடு கவிழ்த்து மூடினார்கள். யாரும் ஒரு வாய் சாப்பிடவில்லை. அதுவரைக்கும் நிம்மதி.

நாக்கு முழுக்கக் கொப்புளம். இவர் ஐஸ் வாங்கிவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, "அம்மனுக்கு எப்ப இருந்து கீரை ஒத்துக்கல?" என்று கேட்டார். ஐஸை வாயில் போட்டுக்கொண்டேன். நாக்கு வேறு வலி, நல்ல சாக்கு.


ஆகஸ்ட் 4, திங்கள்

காரம் முடியவில்லை. தயிர்சாதம்.

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் மூன்று பேர். ஒருத்திக்கு மகள் கல்யாணம் எப்போது நடக்கும் என்று தெரிய வேண்டுமாம். ஒருவருக்கு மின்வாரியத்தில் போட்ட மனு. சாமியாகக் கேட்கிறாரா கவுன்சிலராகக் கேட்கிறாரா என்று பிடிபடவில்லை. விபூதி கொடுத்து அனுப்பினேன். வேறு என்ன செய்ய?

ஆபீசுக்குப் போன். புகை மெஷின் ரிப்பேர்.

மத்தியானம் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் காதில் விழுந்தது:

"தீட்டோட பறிச்சிருப்பா."

"அதானே. சும்மாவா ஆத்தா கொட்டச் சொல்லும்?"

"அவ கையால இத்தினி வருசம் துன்னோமே."

கன்னியம்மா அக்காவைத்தான் சொல்கிறார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. குடத்தை எனக்காக நகர்த்தி வழிவிட்டார்கள். முதல் ஆளாகப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

இது எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. கீரையைக் கொட்டினால் கீரையோடு போய்விடும் என்று நினைத்தேன். பறித்தவள் மேல் போய் விழும் என்று ஏன் தெரியாமல் போயிற்று? இந்தத் தெருவிலேயே இத்தனை வருஷம் வாழ்ந்தவளா நான்?


ஆகஸ்ட் 6, புதன்

நேற்று எழுதவில்லை. வார்டு கூட்டம், பேஜார்.

இன்று கரை முழுக்க மஞ்சள். ஒரே ராத்திரியில் நடந்த மாதிரி. நாயுருவி, கீரை, அருகு எல்லாம் தலை சாய்ந்து வெளுத்துக் கிடக்கிறது. கன்னியம்மா அக்கா வீட்டு வாசலில் இன்னும் மோசம், பழுப்பு. அவள் ஆசையாக வைத்திருந்த துளசியும் போய்விட்டது. இரண்டு தடவை சேர்த்து அடிக்கச் சொன்னாள் அல்லவா.

தெருவே கூடி நின்று பார்க்கிறது. "அவ கைப்பட்ட இடமெல்லாம் கருகிப் போச்சு பாரு" என்று ஒரு கிழவர். "வாசலுக்கே வந்துட்டா ஆத்தா." ஒருத்தருக்கும் மருந்து ஞாபகம் வரவில்லை. எப்படி வரும்? அது கொசுவுக்கு அடித்ததாயிற்றே. குரூப்பில் போட்டோ போட்டுச் சொன்னேனே.

பூசாரி நல்ல மனுஷர், கெட்ட எண்ணம் கிடையாது. அவர்தான் முடிவு சொன்னார். வெள்ளிக்கிழமை அவள் ஈரப்புடவையோடு கோயிலைச் சுற்றி உருண்டு வர வேண்டும். அங்கப்பிரதட்சிணம். அதன் பிறகு எல்லாம் சரியாகிவிடும்.

கோயிலைச் சுற்றியும் மருந்து அடித்திருக்கிறது. பிரகாரம் என்று தனியாக ஒன்று கிடையாது, கரைதான் பிரகாரம். ஈரத்தோடு அந்த மண்ணில், முகம், வாய், எல்லாம் பட.

இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "உட்டுடு. ஒருநாள் உருண்டா ஒன்னும் ஆவாது. இப்ப போயி சொன்னா உன்ன தெருவுல நடக்க உடமாட்டாங்க" என்றார். அவர் அப்படிச் சொல்லமாட்டாரா என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். அதுதான் இன்னும் கேவலமாக இருக்கிறது.


ஆகஸ்ட் 7, வியாழன்

வெயில். காற்றே இல்லை. தோசைக்கு ஊறப்போட மறந்துவிட்டேன்.

பதினொரு மணி வாக்கில் கன்னியம்மா அக்கா வந்தாள். ஒரு சொம்பு பால், மஞ்சள், வெற்றிலை. வாசற்படியில் செருப்பைக் கழற்றினாள். இந்த வீட்டுக்குள் அவள் செருப்பு கழற்றாமல் வந்ததில்லைதான், ஆனால் இன்று கோயிலில் கழற்றுகிற மாதிரி, தள்ளி. நாற்காலியைக் காட்டினேன். தரையில் உட்கார்ந்தாள்.

அவள் வந்தால் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவள் வாயைத் திறந்ததும் என்னால் முடியவில்லை.

"தாயே, எனக்கு நின்னே ரெண்டு வருசம் ஆவுது. தீட்டு எங்கருந்து வரும்? இத எப்படி நான் ஆம்பளைங்க மத்தியில சொல்றது? எங்க வூட்டுக்காரருக்குத் தெரியும். அவரும் வாயத் தொறக்கல." புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "அப்ப நீ வேற எதுக்கோதான் கோவிச்சுகினு கீற. அது இன்னான்னு எனக்குத் தெரியும்."

நீ என்கிறாள். ஒருநாளும் என்னை நீ என்றதில்லை. சாமியைத்தான் நீ என்பாள்.

இங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். அக்கா, சொல்லாதீங்க, நான் ஆத்தா இல்லை என்று.

சொன்னாள். அவளுடைய மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்தாளே, அந்தக் கடைசி நாள். தண்ணீர் கேட்டிருக்கிறாள் கிழவி. கன்னியம்மா அக்கா கையில் இழை. சாயங்காலத்துக்குள் பிணைத்துக் கொடுக்க வேண்டிய பாவு. "உட்டா கலஞ்சிடும் தாயே. இரு வரேன், இரு வரேன்னு சொல்லிகினே இருந்தேன். ரெண்டாவது வாட்டி கூப்ட்டுச்சு. மூணாவது வாட்டி கூப்பிடல. தூங்கிடுச்சுன்னு நெனச்சேன். நெனச்சேனா, நெனைக்கணும்னு நெனச்சேனான்னு தெரியல." எல்லாரிடமும், தூக்கத்திலேயே போய்விட்டது என்று சொல்லியிருக்கிறாள். புருஷனுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

"இத்தினி வருசம் களிச்சி கேக்கறயே. கேட்டது நல்லதுதான்" என்று சொல்லி அழுதாள். அழுகையில் பாரம் இறங்கியது தெரிந்தது.

அவள் தலையில் கை வைத்தேன். விபூதி பூசினேன். ஏன் செய்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. கை தானாகப் போயிற்று என்று எழுதினால் அதுவும் பொய். நான்தான் வைத்தேன்.

அவள் போன பிறகு பால் சொம்பை அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காய்ச்சவும் மனமில்லை, கொட்டவும் பயம். என் வாழ்க்கையில் இவ்வளவு அசிங்கமாக உணர்ந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆடினேனே, அது கூடப் பரவாயில்லை. நாலு வீட்டுக் குழந்தைகள் சாப்பிடாமல் தடுத்தேன் என்று ஒரு சமாதானம் இருந்தது. இன்று ஒரு சமாதானமும் கிடையாது.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும். இவரிடம் கேட்கப்போவதில்லை.


ஆகஸ்ட் 8, வெள்ளி

காலையில் சாதாரண ஜாக்கெட். மஞ்சளைத் தொடவில்லை.

கோயில் வாசலில் தெருவே நின்றது. குழாயடியில் நாலு குடம் தலையில் ஊற்றிக்கொண்டு கன்னியம்மா அக்கா கைகூப்பி நின்றாள். புடவை உடம்போடு ஒட்டிக்கிடந்தது. பக்கத்தில் அவள் புருஷன் ஏழுமலை, கையில் காய்ந்த துண்டு. பேத்தி அவர் காலைக் கட்டிக்கொண்டு. பூசாரி மஞ்சள் தண்ணீர்ச் செம்பை என்னிடம் கொடுத்தார்.

"நீங்க தெளிச்சாத்தான் ஆரம்பிக்கணும்."

செம்பைக் கீழே வைத்தேன்.

எழுதிவைத்துப் போயிருந்தேன், எல்லாம் மறந்துவிட்டது. "அது கொசு மருந்து இல்ல. களைக்கொல்லி. நான் பொய் சொன்னேன். அதாலதான் கரை காஞ்சது. ஞாயித்துக்கிழமை எனக்குச் சாமி வரல. கீரைய யாரும் தின்னக் கூடாதுன்னு நானே ஆடினேன். அக்கா மேல ஒரு தப்பும் இல்ல. இந்த மண்ணுல யாரும் உருளாதீங்க." இந்த வரிசையில்தான் சொன்னேனா என்று கூட நிச்சயமில்லை.

யாரும் நம்பவில்லை. "ஆத்தா சோதிக்குது" என்றாள் ஒருத்தி. பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"கற்பூரத்த நாக்குல ஏத்தினேனே! பொய்யா இருந்தா சுட்டிருக்காதா?"

நாக்கை நீட்டிக் காட்டினேன். கவுன்சிலர், தெரு நடுவில், நாக்கை நீட்டிக்கொண்டு. அவர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். நான் வாயை மூடவில்லை, எல்லாரும் பார்த்து முடிக்கட்டும் என்று.

அப்புறம்தான் ஆரம்பித்தது. "அப்போ கொசு மருந்து அடிக்கவே இல்லயா?" "சாமியில வெளாட்றதா?" "எங்க பசங்க வாயில போட்டிருந்தா?" ஒருவர் என்னை ஒருமையில் திட்டினார். பாவு நீட்டுகிறவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எல்லாம் சரி. எல்லாம் எனக்கு வர வேண்டியதுதான். திட்டத் திட்ட உள்ளே கொஞ்சம் லேசாகக் கூட இருந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஏழுமலை துண்டை நீட்டினார். கன்னியம்மா அக்கா வாங்கவில்லை. சொட்டச் சொட்ட என் பக்கத்தில் வந்து நின்றாள். மற்ற யாருக்கும் கேட்காத அளவுக்குத்தான் பேசினாள். திட்டவில்லை. மரியாதையாகத்தான் கேட்டாள்.

"அப்ப நேத்து நான் சொன்னதெல்லாம் யாருகிட்டங்க சொன்னேன்?"